முட்டைப் பந்து மாஸ்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் விளையாட்டு ஆசிரியர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சின்ன வயது. கழுத்தில் விசில், கையில் படம் போட்ட பயிற்சிப் புத்தகம். காப்பியைக் குடித்து முடித்ததும், "அங்கிள், ஒங்க காலத்துல கோச்சுக்கு என்ன வேலை? நாங்க இப்ப சார்ட் போட்டுச் சொல்லித் தரோம். நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"வாளி தூக்குனேன்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டார். நான் தமாஷ் பண்ணவில்லை. உண்மையிலேயே வாளிதான் தூக்கினேன். அதற்கு மேல் என்ன செய்தேன் என்று அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுமா என்று உட்கார்ந்திருக்கிறேன். முடிவில் உங்களுக்கும் ஒன்றும் விளங்காமல் போனால் என்னைத் திட்டாதீர்கள். இத்தனை வருடமாக எனக்கே விளங்கவில்லை.

என் அப்பா ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்குச் சாயம் அடித்தவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். மெத்தடிஸ்ட் குடும்பம். அதனால் மிஷன் பள்ளியில் படிப்பு, அங்கேயே சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு வாத்தியார் வேலை. நான் கோச் ஆகிவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னபோது, "எந்தக் கிளாஸு? தேர்டு கிளாஸா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த கோச் தண்டவாளத்தில் ஓடுவது.

என்னைக் கோச் ஆக்கியவர் எங்கள் தலைமையாசிரியர் கார்வர் பாதிரியார். அமெரிக்கர். ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் நாட்டில் ஒரு கல்லூரியில் பந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர். மூக்கு உடைந்து ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கும். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. பைபிள் வாசிக்கும்போது அந்த இரண்டு விரலும் நீட்டிக்கொண்டு நிற்கும், எங்கள் சபைப் பெரியவர்கள் அதை ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெட்டியில் வேட்டி சட்டை மாதிரி மடித்து வைத்திருந்த தோல் பந்து ஒன்று இருந்தது. காற்றடித்தால் முட்டை வடிவம். அதைத் தரையில் போட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ஆசிரியர்கள் அத்தனை பேரில் என்னை ஏன் பிடித்தார் என்று ஒருநாள் தைரியமாகக் கேட்டேன். "மிஸ்டர் ஞானமணி, டிபன் நேரத்தில் பேசாமல் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் நாட்டில் அது குற்றம்" என்றார். அவர் யாரையும் மிஸ்டர் போடாமல் கூப்பிட மாட்டார். வாசலில் காவல் இருக்கும் ஜாகாவைக்கூட மிஸ்டர் என்பார். துரை என்று அவரைக் கூப்பிட்டால் முகம் சுண்டிவிடும்.

பயிற்சி என்றால் இப்படி. பள்ளிக்கூடத்து மழைமரத்தில் ஒரு கோணிச் சாக்கைத் தொங்கவிட்டிருப்பார். உள்ளே தேங்காய் நார், அடியில் கொஞ்சம் மணல். பையன்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து சாக்கின் அடிப்பாகத்தில், அதாவது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில், தோளைக் கொடுத்து இரண்டு கையாலும் கட்டி விழ வேண்டும். கண்ணை மூடினால் மறுபடி. தலையைத் தொங்கப்போட்டால் மறுபடி. பந்தோடு ஓடுகிறவன் வழி மறிப்பவனை உள்ளங்கையால் தள்ளிவிட்டுப் போகவும் அதே சாக்கில்தான் பழக்கம். சாயங்காலம் வகுப்பறை மேசையில் ரப்பர் மரத்துக் கொட்டைகளைப் பரப்பி வைப்பார். கறுத்தது எங்கள் ஆள், வெளிறியது எதிராளி. கொட்டைகளை விரலால் நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். யாரையும் திட்டியதில்லை. தப்புச் செய்தவனிடம், "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்பார். என்ன நினைத்தாய் என்று கேட்க மாட்டார். பையன் "நான் நினைச்சேன் சார்" என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "நினைத்தது வேண்டாம். பார்த்தது."

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சங்கடம் எங்கே வந்தது என்றால், அவர் சொல்லிக் கொடுத்த ஆட்டத்தை இந்த மலாய் நாட்டில் வேறு யாரும் ஆடவில்லை. இங்கே வெள்ளைக்காரர்கள் ஆடியது ரக்பி. அதே முட்டைப் பந்துதான், ஆனால் சட்டம் வேறு. அமெரிக்கர் ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவன் விழுந்தால் எல்லாரும் நின்று, மறுபடி வரிசை கட்டி ஆரம்பிப்பார்கள். ரக்பியில் விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும், ஆட்டம் நிற்காது. அமெரிக்கர் பந்தை முன்னால் வீசலாம். ரக்பியில் முன்னால் வீசினால் உடனே விசில். எங்கள் முதல் ஆட்டத்தில் பையன்கள் விழுந்துவிட்டுப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். எதிராளிகள் அவர்கள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பையன்கள் "சார், இது களவு இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கக் கூடாதே, சும்மா நின்றேன். களவா இல்லையா என்று எனக்கும் தெரியாது.

இங்கிலீஷ்காரர்களுக்கோ கோச் என்ற ஆளே பிடிக்காது. ஜென்டில்மேன்கள் ஆடுகிற ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்க ஓர் ஆளா என்று மூக்கைச் சுளிப்பார்கள். இடைவேளையில் கோச் பாடாங்குக்குள், அதாவது மைதானத்துக்குள், கால் வைக்கக் கூடாது. ஆனால் தண்ணீரும் நறுக்கிய எலுமிச்சம்பழமும் கொண்டுபோகிற ஆள் போகலாம். அதனால் நான் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். வாளிதான் எனக்கு அனுமதிச் சீட்டு. இப்போது அந்தப் புது மாஸ்டருக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

பெரிய சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்துக் கிள்ளானில் துரைமார் குழுவோடு ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. துரைமார் என்றால் ரப்பர்த் தோட்டங்களை நடத்துகிற வெள்ளைக்காரர்கள். பள்ளிக்கூடப் பையன்கள் அவர்களோடு ஆடுவது அதுவரை நடந்ததில்லை. கார்வர் பாதிரியார் எப்படியோ பேசி வாங்கிவிட்டார். எங்கள் குழுவில் தமிழர்கள், சீனர்கள், சிலோன்காரர்கள், இரண்டு மலாய்ப் பையன்கள். எல்லாரும் பெரிய பையன்கள், மீசை முளைத்தவர்கள். அவர்களில் வேகமாக ஓடுகிறவன் மாணிக்கம். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன், பள்ளி விடுதியில் தங்கிப் படித்தான். அவன் பந்தோடு ஓடினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு சுத்தமான ஓட்டம். எனக்கு அவன் மேல் ஒரு பாசமே உண்டு, அதை எப்போதும் காட்டிக்கொண்டதில்லை.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவனுடைய அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சின்னக்கண்ணு மண்டோர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. நாற்காலியை வெளியே போட்டேன், உட்காரவில்லை.

"மாஸ்டரய்யா, எம் மவன ஆட்டத்துலேர்ந்து எடுத்துருங்க" என்றார்.

"ஏண்ணே?"

"எங்க தொரையும் ஆடுறாருங்கய்யா. நெட்டத் தொரை. இவன் அவர ஓடிப் போயிக் காலக் கட்டி விழுத்தாட்டுவானாமே? நீங்க அப்படித்தான் சாக்குல பழக்குறீங்களாமே? தொரை மேல எம் மவன் கை படலாமா? நீங்களே சொல்லுங்க."

"ஆட்டத்துல அதெல்லாம் தப்பு இல்லண்ணே."

"ஆட்டத்துல தப்பு இல்ல. ஆட்டம் முடிஞ்சப்பறம்? பரீச்ச பாஸானா ஆபீசுல கிராணி வேல தர்றேன்னு தொரை வாயால சொல்லிருக்காரு. எங்க கூட்டத்துல எவனும் மேச நாக்காலியில ஒக்காந்ததில்லங்கய்யா. இவன் கை அவரு மேல பட்டுச்சுன்னா அவனுக்கு கிராணி வேல போச்சு, எனக்குத் தோட்டத்து லயத்து வீடு போச்சு. பொண்டாட்டி புள்ளைங்கள எங்க கொண்டு வைப்பேன்?"

மாணிக்கம் இல்லாமல் ஆடினால் தோற்போம். அவனை வைத்து ஆடினால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். மண்டோர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எனக்கு ஒரு யோசனை வந்தது.

"ஒங்க மவன் கை தொரை மேல படாது. நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே ரப்பர்க் கொட்டைகளோடு கார்வர் பாதிரியாரிடம் போனேன். மாணிக்கத்தைக் கடைசி ஓரத்தில் ஓடுகிறவனாக வைப்போம், யாரையும் பிடித்து விழுத்தாட்டும் வேலை அவனுக்கு வேண்டாம், பந்து கையில் வந்தால் ஓடட்டும் என்று கொட்டைகளை நகர்த்திக் காட்டினேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படியானால் தோட்டக்காரர் மாணிக்கத்தைப் பிடித்து விழுத்தாட்டினால்?" என்றார்.

"அதில் தப்பில்லை சார். துரை அவனைத் தொடலாம்."

மாணிக்கத்துக்கு வைத்திருந்த கொட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஸ்டர் ஞானமணி, இந்த நாடு எனக்கு இன்னும் புரியவில்லை" என்றார். எனக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அப்போதுதான் அவர் இன்னொரு யோசனையும் சொன்னார். அமெரிக்காவில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குறிப்புச் சொல் உண்டு, எதிராளிக்குப் புரியாமல் கத்துவார்கள். நமக்கு எதற்குக் குறிப்பு, தமிழிலேயே சொல்லிவிட்டால் வெள்ளைக்காரர்களுக்கு எப்படிப் புரியும் என்றார். எனக்கும் அது பிரமாதமாகப் பட்டது. குழுவின் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன் லிம் என்கிற சீனப் பையன், தமிழர்கள் நடுவில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவான். "எடம்", "வலம்", "நேரா" என்று அவன் கத்துவது என்று ஏற்பாடு. மலாய்ப் பையன்களும் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

ஆட்டத்தன்று கிள்ளான் பாடாங்கில் முந்தின நாள் மழையில் சேறு. ஒரு பக்கம் கூடாரத்தில் துரைமாரும் அவர்கள் வீட்டு அம்மாமாரும். எதிர்ப் பக்கம் மரத்தடியில் தோட்டங்களிலிருந்து லோரியில் வந்து இறங்கிய நம் ஆட்கள். அவர்கள் நடுவில் குடையோடு மண்டோர் நின்றார். நெட்டைத் துரையை அன்றுதான் பார்த்தேன். பெயருக்கு ஏற்ற உயரம், சிவந்த முழங்கால், பார்க்க நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார்.

லிம் "வலம்!" என்று கத்தினான். துரைமார் அத்தனை பேரும் எங்கள் வலது பக்கம் ஓடினார்கள். "எடம்!" என்றான். எல்லாரும் இடது பக்கம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். துரைமார் சிரித்துக்கொண்டே புள்ளி மேல் புள்ளி எடுத்தார்கள்.

அப்புறம் ஒரு தடவை பந்து வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போயிற்று. மாணிக்கம் அதை எடுத்தான், ஓடினான். ஒருவரைத் தாண்டினான், இன்னொருவர் அவன் நிழலைப் பிடித்தார். முன்னால் யாரும் இல்லை. கோட்டுக்கு அப்பால் போய்ப் பந்தைத் தரையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பின்னாலிருந்து நெட்டைத் துரை குரல் கொடுத்தார்.

"டேய்! நில்லுடா!"

மாணிக்கம் நின்றான். ஓட்டத்தில் தடுமாறி நிற்கவில்லை. இரண்டு குதிகாலையும் சேர்த்து, பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் விடிகாலை பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் கூப்பிடும்போது நிற்பார்களாமே, அப்படி நின்றான். துரை மெதுவாக நடந்து வந்து அவன் அக்குளிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டார். கூடாரத்தில் ஒரே சிரிப்பு. மரத்தடியில் ஒரு சத்தமும் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இடைவேளையில் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கார்வர் பாதிரியார் கேட்பதுபோலவே, "என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

லிம் எலுமிச்சம்பழத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான். "சார், நான் வலம்னா அவங்க வலத்துக்குப் போறாங்க, எடம்னா எடத்துக்குப் போறாங்க. எல்லாத்துக்கும் தமிழ் தெரியும் லா!"

தோட்டத்துத் துரைமார் தமிழ் படித்துப் பரீட்சை எழுதித்தான் வேலையில் நிலைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ரயில்வேயில் எங்கள் அப்பாவிடம் வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷில்தான் ஏசினார்கள். தோட்டத்துக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

"மாணிக்கம், ஒனக்குத் தெரியாதா இது?"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் சார்."

"சரி, நீ என்ன பாத்த?"

"நான் ஒண்ணும் பாக்கல சார். கேட்டேன். காலு நின்னு போச்சு. நான் நிறுத்தல சார், அதுவா நின்னுச்சு." அவ்வளவு பெரிய பையன், அழுதுவிடுவான் போலிருந்தது.

ரக்பியில் அப்போதெல்லாம் ஆளை மாற்ற முடியாது. அவன் ஆடியே ஆக வேண்டும். வாளிக்குப் பக்கத்தில் மருந்துப் பெட்டி இருந்தது, பெட்டியில் பஞ்சு இருந்தது. நான் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். இரண்டு உருண்டை பிய்த்து அவன் காதில் அடைத்தேன்.

"சார், விசில் கேக்காதே?" என்றான், தேவைக்கு மேல் சத்தமாக.

"மத்தவங்க நின்னா நீயும் நில்லு" என்று வாயை அகலத் திறந்து கையால் காட்டினேன். எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவன், பின்னால் இருப்பவர்கள் நின்றதை எப்படிப் பார்ப்பான்? அது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பாதியில் லிம் தன் இஷ்டத்துக்குத் தன் வீட்டுச் சீன பாஷையான ஹொக்கியனில் கத்த ஆரம்பித்தான். துரைமாருக்குப் புரியவில்லை. எங்கள் பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கும் புரியவில்லை. யார் எங்கே ஓடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனதில் ஆட்டம் கொஞ்சம் சமமாயிற்று. அந்தக் குழப்பத்தில் லிம்முக்குத் தான் ஆடுவது எந்த நாட்டு ஆட்டம் என்பதே மறந்துவிட்டது போலும். மூன்று துரைமார் தன் மேல் பாய்ந்து வர, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அமெரிக்கர் பாணியில் முன்னால் வீசினான். மாணிக்கம் ஓடிக்கொண்டே அதைப் பிடித்தான். நடுவர் உடனே விசில் ஊதினார். எல்லாரும் நின்றார்கள். மாணிக்கம் ஒருவன்தான் ஓடினான்.

நெட்டைத் துரை கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையைத் தூக்கி, "நில்லு, நில்லு, விசில் ஊதியாச்சு!" என்றார். இந்தத் தடவை அவர் சொன்னது நியாயம். நல்ல மனத்தோடுதான் சொன்னார். மாணிக்கத்துக்கு அது கேட்கவில்லை. வழியை மறித்துக்கொண்டு ஒரு நெட்டை ஆள் கையைத் தூக்கி நிற்பதுதான் தெரிந்தது. நாங்கள் பழக்கியபடியே கையை நீட்டி, உள்ளங்கையைத் துரையின் முகவாயில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். துரை மல்லாந்து சேற்றில் விழுந்தார்.

மாணிக்கம் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் பந்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. அவன் மெதுவாகக் காதிலிருந்து பஞ்சை எடுத்தான். சேற்றில் உட்கார்ந்திருந்த துரை அந்தப் பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடாரமும் சிரித்தது. துரை எழுந்து மாணிக்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஜோராத் தள்ளினடா!" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மரத்தடியைப் பார்த்தேன். மண்டோர் நின்ற இடத்தில் அவர் இல்லை.

அந்தப் புள்ளி கணக்கில் சேரவில்லை. தோற்றோம். மாணிக்கம் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிள்ளானிலேயே தங்கிவிட்டான்.

சில நாள் கழித்து நெட்டைத் துரை மோட்டார் காரில் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துரை என்னிடம் தமிழில் பேசினார். மாஸ்டர் என்று கூப்பிட்டாலும் நீ, வா, போதான். அவர் கற்றுக்கொண்ட தமிழில் 'நீங்கள்' கிடையாது.

"மாஸ்டர், நம்ம மண்டோர் எங்க? லயத்துல சாமான் இல்ல, பொம்பள புள்ள ஒருத்தரும் இல்ல. நான் ஒரு வார்த்த வையல. கோவமே இல்ல. ஏன் போயிட்டான்?" நிஜமாகவே தவித்தார். "நல்ல மண்டோர். கிராணி வேலயும் அந்தப் பையனுக்குத்தான் வச்சிருக்கேன். நீ போயித் தேடு. வரச் சொல்லு."

மாணிக்கமும் விடுதிக்குத் திரும்பவில்லை. கார்வர் பாதிரியார் எனக்கு லீவு கொடுத்தார். கை படாது என்று வாக்குக் கொடுத்தவன் நான், காதை அடைத்தவனும் நான். ஆனாலும் ஓர் ஆறுதல் இருந்தது. துரைக்குக் கோபம் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பயத்தில் ஓடிய மனிதர் திரும்பி வந்துவிடுவார்.

லிம்மின் மாமா துறைமுகத்தில் அரிசிக் கடை வைத்திருந்தார். மண்டோர் அங்கே இருப்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. ரயிலேறிப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போனேன். கிட்டங்கி வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் சின்னக்கண்ணுவைப் பார்த்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, முதுகில் சாக்குப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்.

"அண்ணே, தொரைக்குக் கோவமே இல்ல. அவரே கார்ல வந்து சொன்னாரு. ஒங்க வீடு அப்படியே இருக்கு. தம்பிக்குக் கிராணி வேலையும் இருக்கு. நீங்க பயப்பட வேணாம்" என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அவருக்குக் கோவம் இல்லன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர்" என்றார். "நல்ல மனுசன்."

"பின்ன ஏன் பயந்து வந்தீங்க?"

"பயமா? பயம் இருந்துருந்தா லயத்துலயேதான இருந்துருப்பேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் புறங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவரு விழுந்தத பாத்தேன். எல்லாரும் விழுற மாதிரிதான் விழுந்தாரு. சேறு எல்லாருக்கும் ஒட்டுற மாதிரிதான் ஒட்டுச்சு. மறுநாள் விடிய பெரட்டுல போயி நிக்கிறேன். தொரை வர்றாரு. நான் தலயக் குனியணும். இத்தன வருசமாக் குனிஞ்ச தல. குனிஞ்சு பாக்குறேன், வரல மாஸ்டர். கழுத்து மடங்கல. சலாம் தொரைன்னு வாய் சொல்லுது, தல நட்டுக்கிட்டு நிக்குது. அவரு கவனிக்கல. ஆளுங்க கவனிச்சாங்க. குனிய வராத மண்டோர வச்சிக்கிட்டுத் தொரை என்ன செய்வாரு? அவரு கண்டுபுடிக்கிறதுக்குள்ள கெளம்பிட்டேன்."

"தம்பி படிப்பு?"

"பரீச்ச எழுதுவான். அடுத்த வாரம் விடுதிக்கு வந்துருவான். பீஸுக்கு மூட்ட இருக்கு. ஆனா அந்த ஆபீசு நாக்காலி வேணாம்னுட்டான். நானும் ஒண்ணும் சொல்லல." முதுகுச் சாக்கைச் சரி செய்துகொண்டார். "ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல. சந்தோசமான்னு கேட்டா அதும் தெரியல. ஒடம்பெல்லாம் வலிக்குது மாஸ்டர்."

அவர் திரும்பிப் போய் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார். நான் அவருக்கு நல்லது செய்தேனா, குடியைக் கெடுத்தேனா? ரயிலில் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கிள்ளானில் இறங்கித் துரைமார் கிளப்புக்குப் போனேன். துரை பதிலை அங்கே வந்து சொல்லச் சொல்லியிருந்தார். என்னை உள்ளே விட மாட்டார்கள், படிக்குக் கீழே நின்றேன். நெட்டைத் துரை வெளியே வந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன் தொரை."

"வருவானா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? உங்கள் முன்னால் அவருக்குத் தலை குனிய வரவில்லையாம் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டு நின்றேன். துரை என் முகத்தைப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"பாவம், ரொம்பப் பயந்துட்டான்" என்றார். அவர் முகம் வாடிப்போயிற்று. "பயப்பட வேணாம்னு சொல்லு மாஸ்டர். மறக்காம சொல்லு."

"சொல்றேன் தொரை" என்றேன். என் தலை குனிந்தது. எனக்கு அது சுலபமாக வந்தது.